காற்றை ஓட்டும் எந்திரம்

மின்விசிறி சுழல மின்சாரம் வேண்டும். மாவு அரைக்கும் எந்திரம் ஓட மின்சாரமோ டீசலோ வேண்டும். உராய்வை வென்று ஒரு பொருளைத் தொடர்ந்து ஓட்ட வேண்டுமானால் ஆற்றலைச் செலவிட்டே ஆக வேண்டும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலின்மீது இரவு பகல் ஓயாமல் வீசுகிறதே காற்று, அதை ஓட்டுவது எது?

"சூரிய வெப்பத்தால் சூடான காற்று மேலெழும்பும், அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று விரைந்து வரும், இதுவே காற்று வீசுதல்." தேர்வில் இவ்வாறு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். விடை தவறன்று. ஆனால் அது பாதி விடை. மீதிப் பாதியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். வடக்கே குளிர், தெற்கே வெப்பம் என்றால் காற்று நேர் வடக்கிலிருந்து வராமல் வடகிழக்கிலிருந்து வருவானேன்? புயலின் மையத்தில் அழுத்தம் குறைவு என்றால் காற்று நேராக உள்ளே பாய்ந்து அந்தப் பள்ளத்தைச் சில மணி நேரத்தில் நிரப்பிவிடாமல், அதைச் சுற்றிச் சுற்றி வருவானேன்?

இந்த இரு கேள்விகளுக்கும் விடை கிடைக்க 170 ஆண்டுகள் பிடித்தன. தேடியவர்களில் ஒருவர் வானியல் அறிஞர். மற்றவர்கள் யாவர் என்றால், ஒரு வழக்கறிஞர், ஒரு குதிரைச் சேணத் தொழிலாளி, ஒரு பள்ளி ஆசிரியர்!

ஹேலியின் வரைபடம்

காற்றின் திசைகளை அறிய அறிஞர்கள் வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நம் முன்னோர் திசைக்கொரு பெயர் வைத்திருந்தனர். பாய்மரக் கப்பலோட்டிகளுக்குக் காற்றே எரிபொருள்; எந்த மாதம் எந்தக் காற்று வரும் என்பதை அறியாதவன் கடலில் பிழைக்க முடியாது. அட்லாண்டிக் கடலைக் கடந்த ஐரோப்பிய மாலுமிகள், நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 பாகை அட்சரேகை வரையில் ஆண்டு முழுதும் கிழக்குப் பக்கமிருந்தே காற்று வருவதைக் கண்டனர். இதனைத் தமிழில் சிலர் 'வியாபாரக் காற்று' என்கின்றனர். ஆங்கிலப் பெயரில் உள்ள சொல்லுக்குப் பழைய பொருள் வாணிபம் அன்று, தடம் என்பதே. மாறாத தடத்தில் வீசுவதால் 'தடக்காற்று' என்பதே பொருத்தமான பெயர்.

1676-இல், இருபது வயது இளைஞரான எட்மண்ட் ஹேலி, தென்வானத்து விண்மீன்களைப் பட்டியலிடுவதற்காகச் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறினார். பின்னாளில் வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹேலிதான். அத்தீவு தடக்காற்றின் பாதையிலேயே இருக்கிறது. அங்குக் கண்டதோடு, பல மாலுமிகளிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்து, 1686-இல் இராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரையும் வரைபடமும் வெளியிட்டார். சிறுசிறு கோடுகளால் கடல்தோறும் காற்றின் திசையை அதில் குறித்திருந்தார். வங்கக் கடலும் அரபிக் கடலும் அதில் இருந்தன. பருவத்துக்குப் பருவம் திசை மாறும் அக்கடல்களில் கோடுகளை இரு திசைகளிலும் போட்டிருந்தார். உலகின் முதல் வானிலை வரைபடம் என்று இதனைக் கூறுவர்.

காற்றின் மூலகாரணம் சூரிய வெப்பம் என்று ஹேலி திட்டவட்டமாகச் சொன்னார். அது சரியே. ஆனால் தடக்காற்று கிழக்கிலிருந்து வருவதற்கு அவர் தந்த காரணம் பொருந்தவில்லை. சூரியன் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்கிறது. மிகுதியாகச் சூடான இடமும் மேற்கு நோக்கி நகர்கிறது. காற்று அதைத் துரத்திக்கொண்டு மேற்கே ஓடுகிறது என்றார் அவர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூடான இடத்தை நோக்கிக் கிழக்கிலிருந்து மட்டுமா காற்று வரும்? மேற்கிலிருந்தும் வர வேண்டுமே! ஒரு நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

ஒரு வழக்கறிஞரின் கணக்கு

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1735-இல், ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வழக்கறிஞர் சில பக்கங்களே கொண்ட கட்டுரை ஒன்றை அதே இதழில் எழுதினார். மாலுமிகள் விண்மீன்களின் உயரத்தை அளக்கப் பயன்பட்ட எண்மக் கருவியைச் செய்த ஜான் ஹாட்லி இவருடைய தமையன். ஜார்ஜ் ஹாட்லிக்கு வானிலை ஒரு பொழுதுபோக்கு.

சூரியன் நகர்வதை விடுங்கள், பூமி சுழல்வதைப் பாருங்கள் என்பதே அவருடைய கருத்து. நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவரைப் பூமி மணிக்கு 1670 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுமந்து செல்கிறது. 30 பாகை அட்சரேகையில் வட்டம் சிறியது. ஆகவே வேகமும் குறைவு, மணிக்கு 1446 கி.மீ. இப்போது 30 பாகையில் அமைதியாக நின்ற காற்று நிலநடுக்கோட்டை நோக்கி நகர்கிறது என்று கொள்வோம். அதனிடம் இருப்பது 1446 கி.மீ. வேகம், கீழே ஓடும் தரையின் வேகமோ 1670. காற்று பின்தங்குகிறது. தரையில் நிற்பவருக்கு அது மணிக்கு 224 கி.மீ. வேகத்தில் கிழக்கிலிருந்து வருவதாகத் தோன்றும். வடக்கிலிருந்து வரும் காற்று வடகிழக்குக் காற்றாக மாறும் மர்மம் இதுதான். உண்மையில் அவ்வளவு வேகம் காணப்படாததற்குக் காரணம், வழியெல்லாம் தரையும் கடலும் உராய்ந்து காற்றைத் தம்மோடு இழுத்துக்கொள்வது. இதையும் ஹாட்லியே சொல்லிவிட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. தடக்காற்று கிழக்கிலிருந்து மேற்காகத் தரையை உராய்ந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் பூமியின் வேகம் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போக வேண்டும். அவ்வாறு ஆகவில்லை. ஆகவே பூமியின் வேறு பகுதிகளில் இதற்கு ஈடாக மேற்கிலிருந்து காற்று வீசியே தீர வேண்டும் என்றார். இங்கிலாந்து உள்பட நடு அட்சரேகைகளில் மேலைக்காற்று வீசுவதன் கணக்கு அதுவே. பூமியை ஓர் எந்திரச் சக்கரமாகவும் காற்றை அதன்மேல் அழுத்தும் தடைக்கட்டையாகவும் கண்டு, வரவு செலவு எழுதிய முதல் மனிதர் அவர். இந்த வாதத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், இயற்பியலை முறையாகப் படிக்காத ஒருவருக்கு இது எப்படித் தோன்றியது என்று வியப்பேன்.

ஆனால் அக்கட்டுரையை எவரும் கவனிக்கவில்லை. 1793-இல் அணுக்கொள்கைக்குப் புகழ்பெற்ற ஜான் டால்டன் அதே விளக்கத்தைத் தாமாகவே கண்டு வெளியிட்டார்; ஹாட்லி முந்திக்கொண்டதைப் பிறகுதான் அறிந்தார்.

ஹாட்லியின் கணக்கில் ஒரு குறை இருந்தது. காற்று தன் கிழக்கு நோக்கிய வேகத்தை மாறாமல் காத்துக்கொள்வதாக அவர் கருதினார். உண்மையில் மாறாமல் இருப்பது வேகம் அன்று, கோண உந்தம். கயிற்றில் கட்டிய கல்லைச் சுற்றியபடியே கயிற்றைச் சுருக்கிப் பாருங்கள்; கல் விரைவாகச் சுழலும். கயிற்றை நீட்டினால் வேகம் தளரும். 30 பாகையிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு வரும் காற்று பூமியின் அச்சிலிருந்து விலகிச் செல்கிறது. அதாவது கயிறு நீளுகிறது. ஆகவே அதன் 1446 கி.மீ. வேகமும் குறைந்து ஏறக்குறைய 1252 ஆகிவிடும். பின்தங்கும் வேகம் 224 அன்று, 418. ஹாட்லியின் விடை உண்மையில் ஏறக்குறைய பாதிதான். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. வடக்கு தெற்காக நகரும் காற்றைப் பற்றி மட்டுமே அவர் விளக்கம் பேசுகிறது. கிழக்கு மேற்காக ஓடும் காற்றுக்கு என்ன நேரும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. புயல் பற்றிய கேள்விக்கு அதனால் விடை இல்லை.

சாய்ந்த மரங்களும் ஒரு சச்சரவும்

1821 செப்டம்பர் 3-ஆம் நாள், அமெரிக்காவின் கிழக்குக் கரையைக் கடும்புயல் ஒன்று தாக்கியது. சிறிது காலத்துக்குப் பின், கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ரெட்ஃபீல்டு அவ்வழியே பயணம் செய்தார். குதிரைச் சேணம் செய்யும் தொழில் பயின்றவர் அவர். மாநிலத்தின் நடுப்பகுதியில் மரங்களெல்லாம் வடமேற்கு நோக்கிச் சாய்ந்து கிடந்தன. சுமார் நூறு கி.மீ. அப்பால் சென்றபோது, அங்கு மரங்கள் நேர் எதிராகத் தென்கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன! ஒரே புயல், ஒரே இரவு. அப்படியானால் புயல் என்பது மாபெரும் சுழல் என்று முடிவு கட்டினார். பத்தாண்டு காலம் சான்றுகள் சேர்த்து 1831-இல் கட்டுரை எழுதினார்.

இதை ஏற்காதவர் ஜேம்ஸ் எஸ்பி. இவர் புயலை வெப்பத்தின் கண்கொண்டு பார்த்தார். இங்கு நாம் சற்று நின்று, நீராவியைப் பற்றி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்தால், எவ்வளவு நேரம் அடுப்பை எரித்தாலும் அது 100 பாகைக்கு மேல் ஏறாது. கொடுத்த வெப்பம் எங்கே போயிற்று? நீரை ஆவியாக்குவதில் மறைந்துவிட்டது. 1760-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஜோசஃப் பிளாக் இதனை அளந்து உள்ளுறை வெப்பம் என்றார். மறைந்த வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவி மீண்டும் நீராகும்போது முழுவதும் வெளிப்படும். காற்றில் உள்ள ஆவி மேகமாகும்போது ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ஜூல் வெப்பம் வெளியாகிறது. ஒரு சதுர கி.மீ. பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் எடை 10,000 டன். அந்த நீர் மேலே மேகமானபோது காற்றுக்குக் கொடுத்த வெப்பத்தை நம் மின்கட்டணக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 70 இலட்சம் யூனிட்! மழை பெய்தால் குளிர்கிறது என்கிறோம். மேலே, மேகத்துக்குள், அது அடுப்பு மூட்டிய கதையாக இருக்கிறது.

எஸ்பி கண்டது இதுதான். ஈரக்காற்று மேலேறும்போது விரிந்து குளிர்கிறது; ஆவி நீராகிறது; வெளிப்பட்ட வெப்பம் அக்காற்றைச் சுற்றுப்புறத்தைவிட இலேசாக வைத்திருக்கிறது; ஆகவே அது மேலும் ஏறுகிறது; கீழே எல்லாத் திசைகளிலிருந்தும் காற்று மையத்தை நோக்கிப் பாய்கிறது. ஆகவே புயற்காற்று சுழலாது, நேராக உள்ளே பாயும் என்று வாதாடினார். 1841-இல் 'புயல்களின் தத்துவம்' என்ற நூலை வெளியிட்டார். பத்திரிகைகள் அவரைப் 'புயல் மன்னர்' என்று அழைத்தன. காடுகளைத் திட்டமிட்டுக் கொளுத்தினால் சூடான காற்று எழும்பி மழை வரும் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் அளவுக்கு அவருக்குத் தம் கொள்கையில் பற்று! நல்லவேளையாக எவரும் தீப்பந்தத்தைக் கையில் எடுக்கவில்லை. இவ்விருவர் சண்டையில் மூன்றாமவராக இராபர்ட் ஹேர் என்ற வேதியியல் பேராசிரியர் நுழைந்து, புயலுக்குக் காரணம் வெப்பமும் அன்று சுழற்சியும் அன்று, மின்சாரமே என்றார்.

இது ஏட்டுச் சண்டை மட்டும் அன்று. கடலில் புயலில் சிக்கிய மாலுமிக்கு மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. எஸ்பி சொல்வது சரியானால் காற்று எங்கே போகிறதோ அங்கே மையம். ரெட்ஃபீல்டு சொல்வது சரியானால் காற்றை முதுகில் வாங்கி நின்றால், வடகோளத்தில், மையம் இடக்கைப் பக்கம். தவறான விடையை நம்பிய கப்பல் மையத்தை நோக்கியே ஓடும்.

ரெட்ஃபீல்டின் கொள்கையை நம் வங்கக் கடலில் சோதித்தவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன். கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி, புயல் தோறும் காற்றின் திசைகளைக் குறித்துப் பார்த்தார். பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-இல் உருவாக்கியவர் இவரே. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, சூறாவளியோடு எழும் கடல் அலை அவ்விடத்தை மூழ்கடித்துவிடும் என்று 1853-இல் அரசுக்கு எழுதினார். துறைமுகம் கட்டப்பட்டது. 1867-இல் சூறாவளி வந்து அதை நாசம் செய்தது. பிடிங்டன் அப்போது உயிருடன் இல்லை.

களத்துமேட்டுக் கதவு

வில்லியம் ஃபெரல் 1817-இல் பென்சில்வேனியாவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் வர்ஜீனியாவில் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. குளிர்காலத்தில் மட்டும் சிறிது பள்ளிப் படிப்பு. மற்ற நாளெல்லாம் வயல் வேலை. 1832-இல் ஒரு சூரிய கிரகணத்தைக் கண்டார். அடுத்த கிரகணம் எப்போது என்பதைத் தாமே கணக்கிட வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. கையில் இருந்தவை ஒரு பஞ்சாங்கமும் பள்ளிப் புவியியல் புத்தகமுமே. தானியம் அடிக்கும் களத்தில் வேலைக்கிடையே ஓய்வு கிடைத்தபோது, வைக்கோல் வாரும் கவைக்கோலின் முனைகளால் பெரிய மரக்கதவுகளில் வடிவியல் படங்களைக் கீறினார். கவைக்கோலின் இரு முனைகள் அவருக்குக் கவராயம். அந்தக் கீறல்கள் பல ஆண்டுகள் கதவில் அழியாமல் இருந்தனவாம்.

பள்ளியில் கற்பித்துப் பணம் சேர்ப்பது, அதைக் கொண்டு கல்லூரியில் படிப்பது என்று மாறி மாறிச் செய்து 1844-இல் பட்டம் பெற்றார். மிசௌரியில் ஆசிரியராக இருந்தபோது நியூட்டனின் 'பிரின்சிபியா' நூல் ஊர்க்கடை ஒன்றில் கிடைத்தது. பின்னர் லாப்லாசின் விண்ணியக்கவியலையும் வரவழைத்துப் படித்தார். உடன் விவாதிக்க ஆள் இல்லை, நூலகம் இல்லை. 1853-இல், கடல் ஓதங்களின் உராய்வு பூமியின் சுழற்சியைத் தளரச் செய்ய வேண்டும் என்று காட்டிக் கட்டுரை எழுதினார். மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர்.

டென்னிசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தபோது, கடற்படை அதிகாரி மௌரி 1855-இல் வெளியிட்ட கடற்புவியியல் நூல் அவர் கைக்கு வந்தது. கப்பல்களின் பாரமானி அளவுகள் காட்டிய ஒரு புதிர் அதில் இருந்தது. காற்றழுத்தம் நிலநடுக்கோட்டில் குறைவு. 30 பாகைக்கு அருகில் மிகுதி. துருவப் பக்கம் மீண்டும் குறைவு. துருவத்தில் குளிர் மிகுதி. குளிர்ந்த காற்று கனமானது. அங்கு அழுத்தம் அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? காற்றோட்டங்களுக்குக் காந்த விசையும் வழிகாட்டுவதாக மௌரி எழுதியிருந்தார். ஃபெரலுக்கு அது திருப்தி அளிக்கவில்லை. மருத்துவ இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த நண்பர், "உமது கருத்தை எழுதும்" என்று தூண்டினார். 1856-இல் காற்றுகளும் கடலோட்டங்களும் பற்றிய அவருடைய கட்டுரை 'நாஷ்வில் மருத்துவ, அறுவை இதழில்' வெளிவந்தது. அவ்விதழின் வாசகர்களான மருத்துவர்கள் அதை என்ன நினைத்துப் படித்தார்களோ!

ஃபெரல் சொன்னது இது: சுழலும் பூமியின்மீது எந்தத் திசையில் நகரும் பொருளும் வடகோளத்தில் தன் வலப்பக்கமும், தென்கோளத்தில் இடப்பக்கமும் தள்ளப்படும். வடக்கு தெற்காக நகர்வதை ஹாட்லியின் வழியில் விளங்கிக்கொண்டோம். கிழக்கு நோக்கி ஓடும் காற்றை எடுத்துக்கொள்வோம். அது பூமியைவிட விரைவாகச் சுழல்கிறது; ஆகவே அதன் மையவிலக்கு விசையும் கூடுதல். அச்சிலிருந்து விலகிப் போக, அதாவது நிலநடுக்கோட்டின் பக்கம் சரிய, அது முயலும். கிழக்கே முகம் வைத்து நின்றால் நிலநடுக்கோடு எந்தப் பக்கம்? வலப்பக்கம்! மேற்கு நோக்கி ஓடும் காற்றுக்கு மையவிலக்கு குறைவு. அது துருவப் பக்கம் சரியும். அதுவும் அதற்கு வலப்பக்கமே.

இவ்விசைக்குக் கோரியோலிசின் பெயர் வழங்குகிறது. அவர் 1835-இல் ஆராய்ந்தவை சுழலும் எந்திரங்கள். காற்றைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. விசை மிகச் சிறியது. சென்னையின் அட்சரேகையில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றின்மீது, அதன் எடையில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே அது செயற்படும். ஆனால் காற்றுக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 36 கி.மீ. செல்லும் அக்காற்று, வேறு தடை இல்லையேல், வலப்பக்கம் 2 கி.மீ. விலகியிருக்கும். கைகழுவும் தொட்டியில் நீர் சுழன்று இறங்குவதற்கு இவ்விசையே காரணம் என்று சிலர் கூறுவது பொருந்தாது. அங்குச் சில விநாடிகளே கிடைக்கின்றன; தொட்டியின் வடிவமும் நீரை ஊற்றிய விதமுமே திசையைத் தீர்மானிக்கின்றன. 1962-இல் அமெரிக்காவில் ஷபீரோ என்பவர் ஆறடி அகலத் தொட்டியில் நீரை 24 மணி நேரம் அசையாமல் நிறுத்திவைத்து, பிறகு சிறு துளை வழியே மெல்ல வடியவிட்டபோதுதான் பூமியின் சுழற்சி அதில் வெளிப்பட்டது.

இனி நம் இரண்டாவது கேள்வி எளிதாகிறது. தாழ்வழுத்த மையத்தை நோக்கிக் காற்று புறப்படுகிறது. போகப் போக வலப்பக்கம் விலகுகிறது. முடிவில் மையத்தை இடப்பக்கம் வைத்து, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றத் தொடங்குகிறது. உள்ளே இழுக்கும் அழுத்த வேறுபாடும் வெளியே தள்ளும் விசைகளும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் பள்ளம் நிரம்புவதில்லை. தரையின் உராய்வு மட்டும் காற்றைச் சிறிது சிறிதாக உள்ளே நழுவவிடுகிறது. உள்ளே வந்த ஈரக்காற்று மேலேறி, உள்ளுறை வெப்பத்தைக் கொட்டி, புயலை உயிரோடு வைக்கிறது. சுழற்சி என்ற ரெட்ஃபீல்டும் சரி. உள்ளே பாய்கிறது, வெப்பமே ஆற்றல் என்ற எஸ்பியும் சரி. மின்சாரம் என்றவர் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

நிலநடுக்கோட்டில் இவ்விசையின் கிடைமட்டப் பகுதி சுழியாகிவிடும். அதற்கு 5 பாகைக்குள் சூறாவளி தோன்றுவது மிக அரிது என்பதன் காரணம் இதுவே. தென்மேற்குப் பருவக்காற்றின் பாதையும் இதனால் விளங்கும். தென்கோளத்தில் தென்கிழக்குக் காற்றாகப் புறப்படுவது, நிலநடுக்கோட்டைக் கடந்ததும் விலகும் பக்கம் மாறி, தென்மேற்குக் காற்றாகக் கேரளக் கரையை அடைகிறது. மௌரியின் புதிரும் அவிழ்ந்தது. மேலைக்காற்று வலப்பக்கம், அதாவது நிலநடுக்கோட்டின் பக்கம், அழுந்துகிறது. தடக்காற்று மேற்கே போவதால் துருவப் பக்கம் அழுந்துகிறது. இரண்டுக்கும் இடையில், 30 பாகையில், காற்று குவிந்து அழுத்தம் கூடுகிறது.

1857-இல் ஃபெரல் பள்ளியை விட்டு மாசச்சூசெட்ஸில் கடற்பஞ்சாங்க அலுவலகத்தில் சேர்ந்தார். பிறகு கரையோர அளவைத் துறைக்குப் போய், 1880-களில் ஓதங்களை முன்கூட்டியே கணிக்கும் எந்திரம் ஒன்றையும் வடிவமைத்தார்.

வெப்பமா, வெப்ப வேறுபாடா?

திசை தெரிந்துவிட்டது. ஆற்றல் கணக்கு? நீராவி எந்திரத்தின் தத்துவத்தை 1824-இல் எழுதிய சாடி கார்னோ, தம் நூலின் முதற் பக்கங்களிலேயே, காற்றோட்டமும் மேகமும் மழையும் வெப்பத்தின் வேலையே என்று குறித்திருந்தார். எந்த வெப்ப எந்திரத்துக்கும் சூடான இடம் மட்டும் போதாது, குளிர்ந்த இடமும் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. வளிமண்டலம் முழுவதையும் ஒரே அளவாகச் சூடாக்கினால் ஓர் இலைகூட அசையாது.

இதைப் புயலுக்குக் கணக்கிட்டுக் காட்டியவர் வியன்னாவின் மாக்ஸ் மார்குலஸ். ஒரு பெட்டியை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் குளிர்காற்றும் மறுபக்கம் வெப்பக்காற்றும் நிரப்பியதாகக் கற்பனை செய்யுங்கள். சுவரை எடுத்துவிட்டால் குளிர்காற்று அடியில் பரவும். வெப்பக்காற்று மேலே ஏறும். மொத்தக் காற்றின் புவியீர்ப்பு மையம் சற்றே தாழும். தாழ்ந்ததால் விடுபட்ட நிலையாற்றலே காற்றின் இயக்க ஆற்றல். பக்கத்துப் பக்கத்தில் உள்ள காற்றுத் திரள்களின் வெப்பநிலை வேறுபாடு, நடு அட்சரேகைப் புயலின் வேகத்துக்குப் போதும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவினார். உரிய மதிப்புக் கிடைக்காமல் 1906-இல் வானிலைத் துறையை விட்டே விலகினார். முதல் உலகப் போருக்குப் பின் பணவீக்கத்தில் அவர் ஓய்வூதியம் ஒன்றுமில்லாமற் போயிற்று. நண்பர்களின் உதவியை ஏற்க மறுத்து, 1920-இல் பட்டினியால் இறந்தார்.

இன்று நம்மிடம் செயற்கைக்கோள் அளவுகள் உள்ளன. வளிமண்டலத்தின் உச்சியில் சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1361 வாட் வருகிறது. உருண்டையான பூமி முழுவதற்கும் பகிர்ந்தால் சராசரி 340 வாட். இதில் நூற்றுக்கு முப்பது பங்கு மேகத்தாலும் பனியாலும் திருப்பி அனுப்பப்படுகிறது, மிஞ்சுவது 240. இதில் ஏறத்தாழ 80 வாட், கடலையும் ஈர நிலத்தையும் ஆவியாக்கி, மழை வடிவில் கைமாறுகிறது. உலகின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று கொண்டு, மேலே சொன்ன உள்ளுறை வெப்பத்தால் பெருக்கி, ஓர் ஆண்டின் விநாடிகளால் வகுத்து நீங்களே இந்த எண்ணைச் சரிபார்க்கலாம். இவ்வளவு வரவில் காற்றின் ஓட்டமாக மாறுவது எவ்வளவு தெரியுமா? சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 வாட்! நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஓர் அனல்மின் நிலையம் நூறு பங்கு வெப்பத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்தை மின்சாரமாக்கிவிடுகிறது. வளிமண்டலம் மிக மட்டமான எந்திரம். அந்த ஒரு பங்கே இவ்வளவு ஆட்டம் ஆடுகிறது. இவ்வளவு குறைவாக இருப்பதன் காரணத்தை 1955-இல் எட்வர்ட் லாரன்ஸ் தெளிவாக்கினார். காற்றின் நிலையாற்றலில் பெரும்பகுதி அடியில் முடங்கிய முதல் போன்றது. வெப்பமும் குளிரும் பக்கம் பக்கமாக இருக்கும் ஏற்றத்தாழ்வின் பங்கை மட்டுமே காற்றால் எடுத்துச் செலவிட முடியும். அப்பங்கு மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

ஃபெரலின் படமும் முழுமையன்று. நடு அட்சரேகையில் வெப்பத்தைத் துருவப் பக்கம் சுமந்து செல்வது அவர் வரைந்த ஒழுங்கான சுற்றோட்டம் அன்று. நெளிந்தும் சுழன்றும் போகும் பேரலைகளும் புயல்களுமே. 1950-களின் தொடக்கத்தில் சிகாகோவில் டேவ் ஃபுல்ட்ஸ் என்பவர் சாதாரணத் தட்டு ஒன்றில் நீர் ஊற்றி, விளிம்பைச் சூடாக்கி, நடுவைக் குளிர்வித்துச் சுழற்றினார். மெல்லச் சுழற்றியபோது ஹாட்லியின் ஓட்டம் தோன்றியது. வேகத்தைக் கூட்டியதும் அது உடைந்து, வானிலை வரைபடத்தில் காண்பது போன்ற அலைகளும் சுழல்களும் தோன்றின! உயரே இந்த அலைகளின் நடுவே ஓடும் வேகமான காற்றாறு இருப்பதை ஜப்பானின் வாசபுரோ ஓயிஷி 1920-களிலேயே பலூன்கள் விட்டுக் கண்டுபிடித்திருந்தார். உலகம் முழுதும் படிக்க வேண்டும் என்று விரும்பி, 1926-இல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். ஆகவே உலகில் ஏறக்குறைய எவருமே படிக்கவில்லை. 1944-இல் ஜப்பானின்மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்க்காற்றில் திணறியபோதுதான் அது மற்றவர்க்குத் தெரிந்தது.

ஹாட்லியின் தராசு மட்டும் எந்தத் திருத்தமும் இல்லாமல் நின்றுவிட்டது. காற்று பூமியை ஓரிடத்தில் பின்னுக்குத் தள்ளுவதும் மற்றோரிடத்தில் முன்னுக்குத் தள்ளுவதும் ஆண்டு முழுமைக்கும் சரியாகிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு நாளும் சரியாவதில்லை. மேலைக்காற்று வலுக்கும் காலத்தில் வளிமண்டலம் கூடுதல் கோண உந்தத்தை எடுத்துக்கொள்ள, பூமி அந்த அளவுக்குத் தளர்கிறது, நாள் நீளுகிறது. அணுக்கடிகாரங்கள் வந்த பின் இதை அளக்க முடிந்தது. பருவத்துக்குப் பருவம் நாளின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி கூடிக் குறைகிறது. பசிபிக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகியிருந்த 1983 ஜனவரியில், வளிமண்டலத்தின் கோண உந்தமும் நாளின் நீளமும் ஒன்றாகவே உச்சிக்குச் சென்றதைக் கருவிகள் பதிவு செய்தன.